பூ இல்லாத பூங்காக்கள்

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த சப்பாத்துச் சோடியை வெளியே எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நில அளவை செய்கிறவர்களோடு வேலை கிடைத்திருக்கிறது. காட்டுக்குள் எல்லாம் நடக்க வேண்டுமாம், செருப்போடு போனால் முள்ளுக் குத்துகிறதாம். எனக்கும் அவளுக்கும் கால் ஒரே அளவு. நீ வாங்கித் தந்ததைச் சும்மா பூட்டி வைத்திருப்பதைவிட அவள் போட்டு நடக்கட்டும் என்று நினைத்தேன். குசினிப் படியில் வைத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டினேன். அடிப்பக்கத்து இடுக்குகளில் இருந்து சிவப்பு மண் பொலபொலவென்று கொட்டியது.

எங்கள் முற்றத்து மண் சாம்பல் நிறம். வயலில் இருப்பது கறுப்புக் களி. இது இரண்டும் இல்லை. மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லில் நிற்பவனின் சட்டையில் ஒட்டியிருக்குமே, அந்த நிறம், அந்த மென்மை. விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தேன். மணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் உன் காரின் கதவு சாத்துகிற சத்தம் காதில் கேட்டது. அந்தப் பிள்ளை படலையில் வந்து நின்று, “அன்ரி, நிக்கிறியளோ?” என்று கூப்பிடும்வரை நான் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுக்கவில்லை. சப்பாத்தை வாங்கிக்கொண்டு சந்தோசமாகப் போனாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நீ கூப்பிட்டபோது முதலில் நான் வர மறுத்தேன், நினைவிருக்கிறதா?

“அக்கா, ரிக்கற் போடப் போறன். இனி மாட்டன் எண்டு சொல்லக் கூடாது.”

“எனக்கென்னடி அங்கை வேலை?”

“ஒரு வேலையும் இல்லை. என்னோடை கொஞ்ச நாள் இருக்கிறதுதான் வேலை.”

நம்மைப் பெற்ற ஐயா குளத்துத் தண்ணீர் பாயும் காணிக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து உடையார்கட்டுக்கு வந்தவர். நாம் இரண்டு பேரும் அந்த வாய்க்கால் கரையில் வளர்ந்தவர்கள். நான் கலியாணம் கட்டி முள்ளியவளைக்கு வந்தேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தே காலம் போனது. நீ கலியாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போனாய். உன் கணவர் செத்த பிறகு, மகனும் வேலை கிடைத்து வேறு மாநிலத்துக்குப் போன பிறகு, யூட்டாவின் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில், முதியோர் இல்லத்துக் குசினியில் சமைத்துக்கொண்டு தனியே இருந்தாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு யுத்தமும் எத்தனையோ கடல்களும் கிடந்தன. விசா கிடைக்காது என்றுதான் நான் நினைத்தேன். கிடைத்துவிட்டது.

விமான நிலையத்தில் உன்னைக் கண்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, “என்னடி இப்பிடி வத்திப்போனாய்?” என்பதுதான்.

“இஞ்சை எல்லாரும் காசு குடுத்து மெலியினம் அக்கா. நான் சும்மா மெலிஞ்சிட்டன்,” என்றாய். தலையில் தொப்பி போட்டிருந்தாய். வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. வெயில் தலைக்குள் ஏறிவிடுகிறது என்றாய். நான் நம்பினேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிற ஒருத்தி என்ன சொன்னாலும் நம்பத்தான் தோன்றும்.

அமெரிக்கா என்றால் உயர்ந்த கட்டடங்களைக் காட்டுவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். நீ பாலைவனத்தைக் காட்டினாய். “நாளைக்கு வெளிக்கிடுவம். ஒரு கிழமை காரிலை திரிவம். எல்லாம் பூங்காதான்,” என்று சொல்லி, எனக்கென்று அந்தச் சப்பாத்தையும் ஒரு தொப்பியையும் வாங்கி வைத்திருந்தாய்.

முதல் பூங்காவுக்குள் கார் நுழைந்தபோது நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டேன். “பூங்கா எண்டு சொன்னாய். ஒரு பூக்கண்டையும் காணேல்லை?”

நீ சிரித்த சிரிப்பில் கார் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இஞ்சை பூங்கா எண்டா ஒண்டும் நடாமல், ஒண்டும் கட்டாமல் விட்டு வைச்சிருக்கிற இடம் அக்கா,” என்றாய்.

இரண்டு பக்கமும் சிவப்புக் கல் மலை. அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுந்துவிடும். மலைக்கும் மலைக்கும் இடையில் ஒரு ஆறு. ஆற்றுக்குள்ளேயே நடந்து போவதுதான் அங்கே வழி. ஆளுக்கொரு தடியை ஊன்றிக்கொண்டு வெள்ளைக்காரச் சனம் தண்ணீருக்குள் நடந்து போனது. நாமும் இறங்கினோம். குளிர் எலும்புக்குள் ஏறியது. போகப் போக மலைகள் நெருங்கி வந்து, கடைசியில் தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிந்தது.

“இந்தத் தண்ணிதான் அக்கா இந்த மலையை அறுத்தது.”

“இந்த முழங்கால் தண்ணியோ?”

“ஓம். அவசரப்படாமல் அறுத்திருக்கு.”

“ஐயா கண்டிருந்தால் இந்த இடத்திலை ஒரு அணையைக் கட்டுங்கோ எண்டு நிண்டிருப்பார்.”

“கட்டிப்போட்டு, முதல் காணி தனக்கு எண்டும் கேட்டிருப்பார்.”

நாம் இரண்டு கிழவிகளும் ஆற்றின் நடுவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பயணத்தில் ஒன்றும் தெரியாமல் நான் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

அடுத்த பூங்கா நல்ல உயரத்தில் இருந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்தால், செம்மண்ணில் பிடித்து வைத்த ஆட்கள் மாதிரிக் கல்தூண்கள், ஆயிரக்கணக்கில், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சனம் முழுவதும் அப்படியே நின்ற இடத்தில் கல்லானது போல இருந்தது. நான் அதைச் சொன்னபோது, “நேத்திக்கடன் வைச்சு வந்த சனமோ, நேத்திக்கடன் முடிச்சுப் போற சனமோ?” என்று கேட்டாய். விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. கொஞ்சத் தூரம் இறங்கினோம். ஏறி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் நீ உட்கார்ந்தாய். மூச்சு நாய்க்கு வாங்குவது போல வாங்கியது. வயதில் மூத்தவள் நான், வயல் வரம்பில் நடந்த காலால் சும்மா ஏறி நின்றேன்.

“இஞ்சை உயரம் அக்கா. காத்து மெல்லிசு.”

“எனக்கும் அதே காத்துத்தானே?”

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, பையின் மூலையில் இருந்து ஒரு குளிசையை எடுத்து, எனக்குத் தெரியாமல் விழுங்கினாய். எனக்குத் தெரிந்தது. “பிறஷருக்கு,” என்றாய் பிறகு, நான் கேட்காமலே.

மூன்றாவது இடத்தை என்னால் மறக்க முடியாது. சிவப்பு மலைகளுக்கு நடுவே, பாலைவனத்தின் அடிவயிற்றில், பழத்தோட்டம். முன்னொரு காலம் அங்கே குடியேறிய சனம் ஆற்றில் இருந்து வாய்க்கால் வெட்டி, பீச்சும் பெயார்சும் அப்பிளும் நட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போதும் அந்த வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடுகிறது. வருகிறவர்கள் மரத்தில் ஏணி சாத்திப் பிடுங்கித் தின்னலாம். நான் பழத்தை விட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போனேன். மண் வாய்க்கால். ஒரு பக்கத்தில் பலகை வைத்துத் தண்ணீரைத் திருப்பியிருந்தார்கள், நம் ஊரில் திருப்புவது போலவே. கையை விட்டுப் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வந்து, எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை முதல் தடவையாக அங்கேதான் கண்டேன்.

திரும்பி வந்தபோது நீ ஒரு பீச் பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்து, “நல்ல இனிப்பு,” என்றாய். பிறகு மரத்துக்குப் பின்னால் போனாய். நீ சத்தி எடுப்பது கேட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாதவள் எடுக்கிற சத்தி.

அன்று பின்னேரம் தங்கிய அறையில் நீ களைத்து நித்திரையாகிவிட்டாய். தொப்பி விலகிக் கிடந்தது. ஒரு காலத்தில் நான் இரட்டைப் பின்னல் பின்னி, நாடா கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பிய தலை. பஞ்சு ஒட்டியது போல அங்கங்கே கொஞ்சம் முடி. மகரகமை கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களின் தலைகளை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொப்பியை எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, சன்னலோரம் போய் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொன்னால் பிறகு அது இருக்கும். கேட்காமல் இருந்தால் இன்னும் ஒரு நாளாவது அது இல்லாமல் இருக்கும் என்று பட்டது.

மறுநாள் நீயே சொன்னாய்.

அது ஒரு முனை. மூன்று பக்கமும் பாதாளம். எட்டிப் பார்த்தால், கீழே, வெகு கீழே, ஆறு பச்சையாக வளைந்து ஓடுகிறது. மேலே எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெயர்ப்பலகையை நீ வாசித்து, “செத்த குதிரை முனை,” என்று சொன்னாய்.

“இதென்ன பேரடி?”

“முந்தி மாடு மேய்க்கிறவங்கள் காட்டுக் குதிரைகளைத் துரத்திக்கொண்டு வந்து இந்த முனையிலை விடுவாங்களாம். வாற வழி ஒடுக்கம்தானே. அதிலை கொப்பு, தடி வைச்சு அடைச்சா குதிரை வெளியிலை போகேலாது. நல்லதைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். ஒருக்கா மிச்சத்தை அப்பிடியே விட்டிட்டுப் போட்டாங்களாம். தண்ணி விடாயிலை எல்லாம் செத்துப்போச்சு. ஆறு தெரியுது அக்கா. பாருங்கோ. தெரிஞ்சுகொண்டே இருந்திருக்கும்.”

நான் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன்.

“எவ்வளவு நாளாய்?” என்று கேட்டேன்.

நீ கேள்வி விளங்காத மாதிரி நடிக்கவில்லை. கணையத்தில் வந்தது என்றாய். ஈரலுக்கும் போய்விட்டது என்றாய். ஊசி ஏற்றினார்கள், உடம்பு தாங்கவில்லை, நிப்பாட்டிப்போட்டேன் என்றாய். சந்தையில் மரக்கறி விலை சொல்வது போலச் சொன்னாய்.

“ஆரைக் கேட்டு நிப்பாட்டினனி?”

“ஆரைக் கேக்கிறது?”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா நீங்கள் ஏத்து எண்டுதான் சொல்லியிருப்பியள். பிறகு நான் அந்தக் கட்டிலிலை கிடந்திருப்பன். நீங்கள் வந்து பக்கத்திலை கதிரையிலை இருந்திருப்பியள். இந்த இடம் ஒண்டையும் பாத்திருக்க மாட்டம்.”

நான் கத்தினேன். அப்படிப்பட்ட இடத்தில் கத்தக் கூடாது. சத்தம் போய்ப் பாதாளத்தில் விழுந்து திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பால் போனது. நான் கத்தி முடியும்வரை நீ கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு சொன்னாய்.

“கடைசிச் சண்டை நடந்த அந்த வருசம் நீங்கள் எல்லாரும் உள்ளுக்கை நிக்கேக்க எனக்கு டெலிபோன் ஒண்டும் கிடைக்கேல்லை. ஆகாயத்திலை இருந்து எடுத்த படம் கொம்பியூட்டரிலை வரும். கடற்கரை மண், தறப்பாள் கொட்டில்கள். புள்ளி புள்ளியாத் தெரியும். அதிலை ஒண்டைப் பாத்து இது அக்காவின்ரை எண்டு நானே முடிவெடுத்தன். அடுத்த படத்திலையும் அது நிக்குதோ எண்டு தேடுவன். நிண்டா சோறு தின்னுவன். ஒருநாள் அது இல்லை.”

“நாங்கள் இடம் மாறியிருப்பம்.”

“அது இப்ப தெரியும். அப்ப தெரியாதே.” கொஞ்ச நேரம் கீழே ஆற்றைப் பார்த்தாய். “தெரிஞ்சுகொண்டு ஒண்டும் செய்யேலாமல் நிக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும் அக்கா. அதுதான் உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான்.”

அந்த வருடத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. நானும் உன்னிடம் கேட்டதில்லை. நாங்கள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது, நீ தப்பிவிட்டாய், நீயாவது நன்றாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற வழியில் இன்னும் ஒரு பள்ளத்தாக்கைக் காட்ட வேண்டும் என்று ஒரு சின்னப் பாதையில் காரைத் திருப்பினாய். நான் வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்றேன். “வந்தது வந்தம், இதையும் பாத்திட்டுப் போவம்,” என்றாய். பாதையில் ஒரு வீடு இல்லை, கடை இல்லை. ஒரு மரம் இல்லை. பாதை ஓரத்தில் கிழவனின் தாடி போலச் சாம்பல் நிறச் செடிகள் மட்டும். கொஞ்சத் தூரம் போனதும் காரைச் சத்தம் இல்லாமல் ஓரத்தில் நிறுத்தினாய். இன்னொரு காட்சி காட்டப் போகிறாய் என்று நினைத்தேன். நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாய்.

“அக்கா, கொஞ்சம் பொறுங்கோ.”

அன்று காரில் நீ சொன்ன கடைசிச் சொல் அதுதான். பிறகு நீ சரிந்து என் மடியில் விழுந்தாய். முகம் வேர்த்து, மஞ்சளாகி, கண் பாதி திறந்தபடி கிடந்தாய். கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். தண்ணீர் தெளித்தேன். உன் டெலிபோனை எடுத்தேன், திறக்கத் தெரியவில்லை. உன் விரலை வைத்துத் திறந்தேன். மேலே சிக்னல் கோடுகள் எதுவும் இல்லை. கார் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளிர்காற்று வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெரிய வாகனத்தில் எதை அமத்தினால் அது போகும் என்று எனக்குத் தெரியாது. முள்ளியவளையில் சைக்கிள் ஓடியவள் நான்.

வெளியே இறங்கி நடுப் பாதையில் நின்றேன். வெயில் உச்சியில் அடித்தது. ஒரு சத்தம் இல்லை. எங்களூரில் காட்டுக்குள் தனியே நின்றாலும் ஒரு புலுனிக் குருவியாவது கத்தும். அங்கே என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் ஒரு வாகனம் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். உள்ளே இருந்த இளம் பெடியன்கள் சிரித்துக்கொண்டு எனக்குத் திருப்பிக் கையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பாலைவனத்தில் ஒரு வெளிநாட்டுக் கிழவி சந்தோசத்தில் கை காட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவர்களில் பிழை இல்லை. என்னிடம் வேறு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

காருக்கு ஓடி வந்து உன் மூக்கில் கையை வைத்துப் பார்ப்பேன். திரும்பவும் பாதைக்கு ஓடுவேன். ஷெல் விழுகிற இடத்தில்கூட நான் இப்படி நின்றதில்லை தங்கச்சி. அங்கே எங்களோடு ஆட்கள் இருந்தார்கள். கத்தினால் விளங்கும் பாஷை இருந்தது.

பிறகு ஒரு வீட்டு வாகனம், கட்டில் குசினி எல்லாம் வைத்து இழுக்கிற வகை, மெதுவாக வந்தது. இந்தத் தடவை நான் கையை ஆட்டவில்லை. பாதையின் குறுக்கே படுத்துவிட்டேன். அது நின்றது. வயதான ஒரு கணவனும் மனைவியும் இறங்கி ஓடி வந்தார்கள். நான் காரைக் காட்டி, “தங்கச்சி, தங்கச்சி,” என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா உன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். உன்னைப் பின் சீற்றில் படுக்க வைத்துத் தலையை என் மடியில் தந்தார். அவரே உன் காரை ஓட்டினார். புருசன் பின்னால் வந்தார். வழி நீளம் அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

“அவா முந்தி நேர்ஸாய் இருந்தவாவாம் அக்கா,” என்று பிறகு ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்துச் சொன்னாய். உனக்கு ஏதோ தெரிந்துவிட்ட மாதிரிச் சிரித்தாய். “நீங்கள் நடு ரோட்டிலை படுத்தனீங்களாம். அவா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.”

உன் மகன் பறந்து வந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் அறையிலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். நான் இனி ஊருக்குப் போவதில்லை, கடைசிவரை அங்கேயே நிற்பது என்று முடிவெடுத்தேன். உனக்குக் கஞ்சி வைத்தேன். ஒரு கரண்டி குடிப்பாய். காலைப் பிடித்து விட்டேன். கால் வீங்கியிருந்தது, அமத்தினால் குழி விழும், நிரம்ப நேரம் எடுக்கும். அந்தக் குழி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் ஊரில் இருந்து டெலிபோன் வந்தது. என் புருசன், உன் அத்தான், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பார்க்க ஆள் இல்லை. சாப்பாடு கொண்டுபோகக்கூட பக்கத்து வீட்டார்தான் போய் வருகிறார்கள்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ எப்படியோ அறிந்துவிட்டாய். சுவருக்கு அந்தப்பக்கம் நான் டெலிபோனில் கதைத்தது கேட்டிருக்க வேண்டும்.

“வெளிக்கிடுங்கோ அக்கா.”

“விசர்க் கதை கதையாதை.”

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அத்தானைத் தூக்கி நிமித்தலாம். நடக்கப் பழக்கலாம். உங்களாலை ஏதாவது செய்யலாம். எனக்கு என்னத்தைச் செய்யப் போறியள்?”

“பக்கத்திலை இருப்பன்.”

“இருந்திட்டியள் தானே,” என்றாய்.

இந்தச் சொல்லை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பி நினைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. நீ நன்றி சொன்னாயா, என்னை விடுவித்தாயா, கோபித்தாயா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன்னைப் பார்த்தால் அவர் தனியே. அவரைப் பார்த்தால் நீ தனியே. என்னிடம் இருந்தது ஒரு உடம்பு. உன் மகன் ரிக்கற்றை மாற்றினான். வெளிக்கிடும்போது குனிந்து உன்னைக் கொஞ்சினேன். உன் தொப்பி என் கன்னத்தில் இடித்தது. கழற்றாமலே படுத்திருந்தாய். நான் கழற்றச் சொல்லவில்லை.

உன் அத்தான் எழும்பிவிட்டார். நீ சொன்னது சரி, அவரை நிமிர்த்த முடிந்தது. வாங்கு போல நாலு காலுள்ள தடியைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார்.

உன் செத்தவீட்டை டெலிபோனில் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டு போனாலும் படம் நின்று நின்றுதான் வந்தது. கடைசியில் படலைக்கு வெளியே, ரோட்டோரத்துப் பாலை மரத்தடியில் கொஞ்சம் ஓடியது. அங்கே நின்று பார்த்தேன். உன் மகன் குனிகிறான், படம் நின்றுவிட்டது. திரும்ப ஓடியபோது பெட்டி அங்கே இல்லை. வெறும் திரைச்சீலை. ரோட்டால் போன மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் நிறுத்தி, “என்னம்மா, ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டான். ஒன்றுமில்லைத் தம்பி என்று சொன்னேன். அவனால் என்ன செய்ய முடியும்?

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், உன் குரல் நூல் போல மெலிந்து வந்த ஒருநாள், டெலிபோனில் என்னைக் கூப்பிட்டாய். இங்கே மத்தியானம். அத்தானுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அடுத்தமுறை வரேக்க நடு ரோட்டிலை படுக்கக் கூடாது.”

“அடுத்தமுறையோ?”

“ஓம். ஒரு வசனம் சொல்லித் தாறன், பாடமாக்குங்கோ. மை சிஸ்ரர் இஸ் சிக். பிளீஸ் ஹெல்ப். சொல்லுங்கோ பாப்பம்.”

சொன்னேன். சிக் என்பதைச் சீக் என்றேனாம். திருத்தினாய். திரும்பச் சொன்னேன். நடுவில் உனக்கு மூச்சு வாங்கியது, நான் காத்திருந்தேன். சிஸ்ரர் என்றால் தங்கச்சி, சிக் என்றால் நோய் வருத்தம், அது தெரியும், இந்த இஸ் எதற்கு என்று கேட்டேன். “அது இல்லாமல் சரிவராது அக்கா. இப்ப இருக்கிறா எண்டதுக்கு அது வேணும்,” என்றாய். பிழையில்லாமல் நான் சொல்லி முடிக்கும்வரை நீ டெலிபோனை வைக்கவில்லை. முடித்ததும், “கெட்டிக்காரி,” என்றாய். நமக்குள் நான்தான் உன்னை அப்படிச் சொல்வது வழக்கம்.

நான்கு கிழமைக்கு ஒருக்கா அவரைக் கிளினிக்குக்காக வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். திரும்பி வரும்போது ஓமந்தை தாண்டியதும் பஸ்ஸில் சனம் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் காடும் வெளியும். அவர் சன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையாவார். அந்த நேரத்தில் என் வாய் தன்பாட்டில் அந்த வசனத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். ஒருநாள் அவர் கண்ணை முழித்து, “என்னப்பா முணுமுணுக்கிறாய்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிழையில்லாமல் சொல்கிறேன் தங்கச்சி. சிக் என்பதும் இப்போது சரியாக வருகிறது. இஸ் என்று வருகிற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நிற்கிறேன். அதற்குப் பதிலாக இனி எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று நீ சொல்லித் தரவில்லை. வேறு ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.